உடன்படுதலும் வினையே

சென்ற தசலக்ஷண பர்வத்தின்போது ஒரு நாள் மாலை, எங்கள் ஊர் ஜினாலயத்தில் சுவாத்தியாயம் முடிந்து அனைவரும் எழும் வேளையில், கல்லூரியில் பயிலும் பெண் ஒருத்தி என்னருகே வந்து அமர்ந்தாள். அன்றைய உரையில் நான் ஜவ்வாது மலைக் காடு அழிந்துவருவதைப் பற்றியும், அங்கு வாழும் மக்கள் அதனைக் காக்கப் படும் பாட்டைப் பற்றியும் சில சொற்கள் கூறியிருந்தேன். "டீச்சர் பாட்டி, நாம் மரம் வெட்டுவதில்லை. வேட்டையாடுவதில்லை. பச்சைக் காய்கறியைக்கூட நாள் பார்த்துத்தான் உண்கிறோம். மலையில் காடு அழிந்தால் அந்த வினை நம்மை எப்படிச் சேரும்?" என்று கேட்டாள்.

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. நம் வீடுகளில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தோன்றக்கூடிய வினாதான் அது. "சேரும் அம்மா, பிறகு சொல்கிறேன்" என்று கூறி எழுந்துவிட்டேன். வீட்டிற்கு வந்தபின் உறக்கம் வரவில்லை. அவ்வினாவிற்கு நேர்மையாக விடை சொல்வதானால், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக நான் நம்மவர் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

நூல் வழி விடையை முதலில் பார்த்துவிடுவோம். நம் ஜபமாலையில் 108 மணிகள் இருப்பதற்குப் பெரியோர் ஒரு கணக்குக் கூறுவர். வினை உயிரை வந்தடையும் வழிகளின் கணக்கு அது. ஒரு செயலை எண்ணுதல், அதற்கு வேண்டியவற்றைத் திரட்டுதல், அதனைத் தொடங்கிச் செய்தல் என நிலைகள் மூன்று. அவை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும், ஆகவே ஒன்பது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல் என ஒவ்வொன்றும் மும்மூன்றாகி இருபத்தேழு. வெகுளி, செருக்கு, மாயம், பற்று என்னும் நான்கு கஷாயங்களால் பெருக்கினால் 108. பள்ளியில் கணக்கும் கற்பித்தவள் ஆதலால் நான் இதனைத் திருப்பி வகுத்தும் பார்ப்பதுண்டு. 108இல் 36 மணிகள் உடன்படுதலுக்கு மட்டும் உரியவை. கை அசையாமல், பிறருக்கு ஒரு கட்டளையும் இடாமல் வந்து சேரும் வினைகள் அவை.

இங்கே ஓர் ஐயம் எழும். பிறர் செயலால் நமக்குப் பயன் கிடைத்த இடமெல்லாம் நாம் உடன்பட்டவர் ஆவோம் என்றால் இல்லறத்தார் எவரும் மூச்சுவிடவும் இயலாது. அறியாமல் பெற்ற பயனை உடன்பாடு என்று சொல்லலாகாது என்றே நான் கொள்கிறேன். ஆனால் அறிந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தும், கேட்டால் மனச்சங்கடம் வரும் என்று கேளாமல் இருந்து பெற்ற பயனை எந்தக் கணக்கில் வைப்பது? என் இரவு உறக்கத்தைக் கெடுத்தது இந்த வினாவே.

முதலில் மலையைச் சொல்கிறேன். போளூரையடுத்த திருமலைக்கு யாத்திரை சென்றிருப்பீர்கள். குன்றின் மேல் எழுந்தருளியுள்ள நேமிநாதரை வணங்கிவிட்டு மேற்கே திரும்பினால் நீலமாக நீண்டு கிடக்கும் தொடரே ஜவ்வாது மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. நான் பணியேற்ற காலத்தில் அது வடஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. நூல்களில் மழைக்காடு என்று படிக்கிறோமே, அப்படி ஆண்டு முழுதும் இருண்டு நிற்கும் காடு அன்று. பெரும்பகுதி இலையுதிர் காடு. கோடையில் எலும்பாய் நிற்கும். மழை கண்டால் ஒரே மாதத்தில் உருமாறும். ஓடைக்கரைகளிலும் மேட்டுப் பள்ளங்களிலும் மட்டும் பசுமை மாறாத சோலைகள் உண்டு.

செய்யாறு இம்மலையில்தான் பிறக்கிறது. ஆரணி வழியே வரும் கமண்டல நாகநதிக்கும் ஊற்றுக்கண் இம்மலையே. குப்பநத்தம், மிருகண்டா, செண்பகத்தோப்பு என நாம் பெயர் சொல்லும் அணைகளெல்லாம் இம்மலை வடித்துத் தரும் நீரையே தேக்குகின்றன. நம் சமூகம் பெரும்பாலும் உழவர் சமூகம். ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரங்களில் நம் முன்னோர் பயிரிட்ட நெல்லும் கரும்பும் மணிலாவும் எந்த நீரில் விளைந்தன என்று நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுத்ததில்லை. சருகும் வேரும் மூடிய காட்டு மண் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. மரம் போனால் மண் போகிறது. ஐப்பசியில் வெள்ளம், தையில் வறண்ட மணல். சங்க காலத்திலேயே சேயாறு என்று பெயர் பெற்ற ஆறு அது. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம் அதனைக் குறிப்பதோடு, வழிச்செல்வோர்க்கு மலைவாணர் அளிக்கும் விருந்தையும் விரித்துச் சொல்கிறது. அந்த விருந்தில் ஊன் உணவும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

மலையில் வாழ்வோர் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தாரோடு தொடர்பில்லை; மலையை ஆள்பவர் என்னும் பொருளில் வந்த பெயர். சாமையும் கேழ்வரகும் விதைப்பர். புளி, கடுக்காய், பலா, தேன் முதலியன காட்டிலிருந்து வரும். தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நம் மடமும் ஜினகாஞ்சி என்ற பெயரைச் சுமந்துகொண்டே மேல்சித்தாமூரில் இருக்கிறது அல்லவா? காஞ்சியை விட்டு வந்த நினைவை இருவருமே கைவிடவில்லை.

1973ஆம் ஆண்டு, ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு அம்மலையில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. வீட்டார் அஞ்சினர். நான் மூன்றாண்டுகள் இருந்தேன். பள்ளிக்குப் பின்புறமே சந்தன மரங்கள் நின்றன. சந்தனம் தனித்து வளராத மரம் என்பதை அங்கேதான் அறிந்தேன். தன் வேரைப் பக்கத்து மரத்தின் வேரோடு ஒட்டவைத்து அதனிடமிருந்தும் உணவு பெற்றுக்கொள்ளும். பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். வயிரம் ஏறப் பல்லாண்டுகள் ஆகும். நறுமண எண்ணெய் வேரிலும் இருப்பதால், சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு பெயர்த்தெடுப்பார்கள். பிற மரங்கள் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். இதற்கு அந்த வாய்ப்பும் இல்லை. பெயர்த்த மரங்கள் திருப்பத்தூரிலுள்ள அரசுக் கிடங்குக்குச் சென்று ஏலம் போயின. அதற்கு வெளியே இரவில் இறங்கிய மரங்களுக்குக் கணக்கில்லை.

மாறுதல் ஆணை வந்து நான் புறப்பட்ட நாளன்று, ஐந்தாம் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன் தன் தந்தையோடு வந்தான். துணியில் சுற்றிய ஒரு சாண் நீளச் சந்தனக் கட்டையை என் கையில் கொடுத்து, "உங்க கோயிலுக்குக் கொடுங்க டீச்சர்" என்றான். நான் மறுக்கவில்லை, எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் இல்லை. ஊருக்குக் கொண்டுவந்து ஜினாலயத்தில் சேர்த்தேன். பெரியவர்கள் முகர்ந்து பார்த்து வியந்தனர். பகவானுக்குச் சந்தன அபிஷேகம் நடக்கும்போதெல்லாம் அந்தக் கட்டை கல்லில் உரைபடும் ஓசையைக் கேட்டுப் பல ஆண்டுகள் நான் பெருமிதம் கொண்டிருக்கிறேன்.

சில மாதங்கள் கழித்து, உடன் பணிபுரிந்த ஆசிரியையிடமிருந்து மடல் வந்தது. அம்மாணவனின் தந்தை சந்தன வழக்கில் பிடிபட்டுச் சிறையிலிருப்பதாகவும், பையன் பள்ளிக்கு வருவது நின்றுவிட்டது என்றும் எழுதியிருந்தார். அம்மடலுக்கு நான் பதில் எழுதினேன். அதில் இச்செய்தியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கோயிலிலும் சொல்லவில்லை. களவுப் பொருளைப் பகவானுக்குப் படைத்துவிட்டேனோ என்ற முள் மட்டும் உள்ளே இருந்தது.

நாவல் மரத்தடியில் வந்து நின்ற ஆறு பேர் கதையை நாம் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வருகிறோம். ஒருவன் மரத்தை வேரோடு சாய்க்க எண்ணினான்; மற்றொருவன் பெருங்கிளையை வெட்ட எண்ணினான்; இப்படி ஒவ்வொருவராகத் தணிந்து வந்து, ஆறாமவன் தரையில் உதிர்ந்த பழம் போதும் என்றான். லேசியைகளை விளக்க இதைவிட எளிய கதை இல்லை. வகுப்பில் இக்கதையைச் சொல்லி "நீங்கள் இவர்களுள் யார்?" என்று கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் ஆறாமவன் என்றே கை தூக்குவர். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். கதையில் வராத ஏழாமவன் ஒருவன் உண்டு. அவன் மரத்தடிக்கே வருவதில்லை. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, வந்த கூடையிலிருந்து பழத்தை எடுத்துக்கொள்கிறான். அக்கூடை ஆறு பேரில் எவனுடையது என்று அவன் கேட்பதில்லை. அவன் லேசியைக்கு என்ன நிறம் என்று நான் யாரையும் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

"அவர்களேதானே வெட்டுகிறார்கள்? பிறகு எதற்கு அவர்களிடமே காட்டைக் காக்கும் உரிமையைக் கொடுப்பது?" என்று சொல்வோரை நம்முள்ளும் காண்கிறேன். இதனைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தென்பெண்ணைக்கு அப்பால், தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடியில் உள்ள வாச்சாத்தியில் வாழ்வோரும் மலையாளிப் பழங்குடியினரே. 1992 ஜூன் 20ஆம் நாள், கடத்தல் சந்தனத்தைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பெருங்கூட்டமாக அச்சிற்றூருக்குள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. ஊரார் அடித்துத் துன்புறுத்தப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. முப்பத்தொரு ஆண்டுகள். அப்பெண்கள் ஒரு தலைமுறைக் காலம் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். 1992இல் இச்செய்தி நாளிதழ்களில் வந்தபோது, நான் தாளை மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றேன் என்பது நினைவிருக்கிறது. "கடத்தினார்களாம்" என்று ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

பின்னர் 2015 ஏப்ரல் 7. ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி, 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலைச் சிற்றூர்களிலும் ஓலம் எழுந்தது. செம்மரம் நம் நாட்டில் விற்பதற்காக வெட்டப்படுவது அன்று; கடல் கடந்து சென்று மேசை நாற்காலியாகவும் இசைக்கருவியாகவும் ஆவது. மலையில் சாமை விளையாத ஆண்டில், தன் காட்டில் எடுக்க ஒன்றும் மிஞ்சாத நிலையில், தரகன் கொடுத்த முன்பணத்திற்காகக் கோடரி எடுத்துச் செல்பவன் குற்றமற்றவன் என்று நான் சொல்லவில்லை. தானே செய்தல் என்னும் 36 மணிகள் அவனுக்கு உரியவை. செய்வித்தவனுக்கும் 36, வாங்கி மகிழ்ந்தவனுக்கும் 36. குண்டு மட்டும் முதல் 36க்கே சென்று பாய்ந்தது. மற்ற இருவரும் அன்று அக்காட்டில் இல்லை.

இன்னொரு தடையும் நம் மனத்தில் உண்டு. அதை வெளியே சொல்ல நாணுவோம். அவர்கள் ஊன் உண்போர்; திருவிழாவில் ஆடு பலியிடுவோர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் அவர்களுக்குத் துணை நின்றால், அக்கொலைக்கும் உடன்பட்டவர் ஆக மாட்டோமா? நான் மலையில் இருந்த மூன்றாண்டுகளும் திருவிழா நாட்களில் பள்ளியறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன். அந்த மேளம் இன்றும் காதில் கேட்கிறது. ஆகவே இத்தடையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் ஒடிசாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். நியமகிரி மலையில் டோங்கிரியா கோந்து என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். மலையின் தலையில் பாக்சைட் என்னும் அலுமினியக் கனிமம் இருக்கிறது. அதனைத் தோண்டி வேதாந்தா நிறுவனத்தின் ஆலைக்குக் கொடுக்கத் திட்டமிட்டனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. அம்மலை அவர்களுக்கு வழிபாட்டிடம் என்பதால், அதனைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களே என்று 2013 ஏப்ரல் 18இல் நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டு ஆடி, ஆவணி வாக்கில் 12 சிற்றூர்களில் கிராம சபை கூடியது. எழுத்தறியாத முதியவர்களும் பெண்களும் நீதிபதி ஒருவர் முன்னிலையில் எழுந்து நின்று வேண்டாம் என்றனர். 12 ஊரும் வேண்டாம் என்றன. மறு ஆண்டு நடுவணரசு அனுமதி மறுத்தது. அந்த மக்கள் தம் சடங்குகளில் எருமை பலியிடுபவர்கள். அதனை நான் ஏற்கவில்லை. ஆனால் அம்மலைமேல் உள்ள மரம், செடி, புழு, பூச்சி, ஊற்று நீரில் வாழும் எண்ணற்ற உயிர்கள் ஆகிய அனைத்தும் அன்று பிழைத்தது அவர்கள் வாய்ச்சொல்லால். கனிமத்தைத் தோண்டியெடுத்து, நம் வீட்டு அலுமினியப் பாத்திரமாக்கி, அதில் சைவ உணவு சமைத்திருந்தால் நாம் தூயவர் என்று எண்ணியிருப்போம். ஒருவர் செய்யும் ஒரு பிழையைக் காரணமாக்கி அவர் காக்கும் உயிர்களையும் சேர்த்துக் கைவிடுவது எந்தத் தராசில் சரியாகும் என்று எனக்கு விளங்கவில்லை. தீமைக்கு உடன்படலாகாது, அது போலவே நன்மைக்கு உடன்படாமல் இருப்பதும் குறையே. அனுமோதனை நல்வினைக்கும் உண்டு என்றுதானே தானம் கொடுப்பவரைக் கண்டு மகிழச் சொன்னார்கள்?

மழைக்காட்டிலும் இவ்வாறு நிகழ்ந்திருக்கிறது. கேரளத்து வாழச்சாலில் காடர் என்னும் பழங்குடியினரின் 9 குடியிருப்புகள், 2014ஆம் ஆண்டில் தம் காட்டின் மீது சமூக வன உரிமை பெற்றன. ஆதிரப்பள்ளியில் 163 மெகாவாட் நீர்மின் அணை கட்டும் முயற்சியை எதிர்க்க அவ்வுரிமை அவர்களுக்கு ஊன்றுகோலாக நின்றது.

இவ்வுரிமைகளுக்கு அடிப்படை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் முதலாகக் காடுகள் வரையறுக்கப்பட்டு அரசுடைமையானபோது, உள்ளே வாழ்ந்தோர் தம் வீட்டிலேயே அத்துமீறியவர் ஆனார்கள். அந்த வரலாற்று அநீதியைத் திருத்துவதாக இச்சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. உழுத நிலத்திற்கு உரிமை, புளி, கடுக்காய், தேன் போன்ற சிறு வனப்பொருள்களுக்கு உரிமை ஆகியவற்றோடு, வழிவழியாகக் காத்துவந்த காட்டினைக் காக்கவும் புதுப்பிக்கவும் ஆளவும் ஊருக்கு உரிமை தருகிறது. தொடங்க வேண்டியது கிராம சபை. தமிழகத்தில் உயர்நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணை ஒன்றினால் பட்டா வழங்குவது நின்றுபோய், 2016இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கிய பின்னரே வழி திறந்தது. மற்ற மாநிலங்களைவிட நாம் பின்தங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இச்சட்டத்தில் ஆசிரியர்களாகிய நம் கண்ணில் படவேண்டிய ஓர் இடம் இருக்கிறது. உரிமைக்குச் சான்றாகப் பழைய அரசுத் தாள்கள் மட்டுமே வேண்டும் என்பதில்லை. ஊரின் கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவையும் சான்றாகும். முதியோர் வாய்மொழியாகக் கூறுவதை எழுத்தில் வடித்தால் அதுவும் சான்றாகும். அதாவது, எழுதத் தெரிந்த ஒரு கை அங்கே வேண்டும்.

2018ஆம் ஆண்டு கோடையில், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நால்வராகச் சேர்ந்து ஜமுனாமரத்தூர் சென்றோம். நான் மட்டும் என் பழைய பள்ளி ஊரைப் பார்த்துவரக் கிளம்பினேன். பள்ளிக்குப் பின்புறம் ஒரு சந்தன மரமும் இல்லை. உண்ணிச்செடிப் புதர் மண்டிக் கிடந்தது. அன்று கட்டையைக் கையில் கொடுத்த மாணவன் பேரன் பேத்தி கண்ட பெரியவராக நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர்கள் ஊரில் அப்போது வன உரிமை மனு எழுதும் வேலை நடந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் வேலைக்கு வெளியூர் போயிருந்ததால் முதியோர் வாக்குமூலம் எழுத ஆளில்லை. "நீங்க எழுதிக் குடுங்க டீச்சர்" என்றார். இரண்டு நாள் தங்கினேன்.

நம் சமூகம் ஈகையில் குறைந்தது அன்று. ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களில் முதல் மூன்றினை நாம் மலைக்குக் கொண்டு சென்றிருக்கிறோம். அன்னம் அளித்திருக்கிறோம், மருந்து கொடுத்திருக்கிறோம், நோட்டுப் புத்தகம் வழங்கியிருக்கிறோம். எஞ்சியது அபயம், தன் வீட்டில் அச்சமின்றி உறங்க வகைசெய்தல். அதைத்தான் இப்போது செய்கிறோம் என்ற எண்ணம், எழுத உட்கார்ந்தபோது எனக்குள் இனிப்பாக ஊறிற்று. நான்கு கஷாயங்களுள் செருக்கும் ஒன்று என்பதை மறந்துவிட்டேன்.

எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த ஊற்று எந்த மாதம் வரை ஓடும், எந்தப் பாறையடியில் முதல் தேன் எடுப்பார்கள், எந்தச் சோலையில் கோடரி வைக்கக்கூடாது, யாரை எங்கே புதைத்தார்கள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு பெயர் பெயராகச் சொன்னார். ஏறத்தாழ ஆறு பக்கங்கள் வந்தன. இறுதியில், பள்ளியில் ஆயிரம் விண்ணப்பங்கள் எழுதிய பழக்கத்தில், "ஆகவே எங்களுக்கு இவ்வுரிமையை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்" என்று முடித்துப் படித்துக் காட்டினேன். அவர் கண் திறந்தார்.

"கேக்கறோம்னு எழுதாதம்மா. இருக்கறோம்னு எழுது."

அந்த வரியை அடித்துவிட்டு அவர் சொன்னவாறே எழுதினேன். நான் கொடுக்க வந்த பொருள் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. இல்லாமல் இருந்தது அதைத் தாளில் ஏற்றும் ஒரு பேனா.

அன்று மாலை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேளாதிருந்ததைக் கேட்டேன். அந்தச் சந்தனக் கட்டை எங்கிருந்து வந்தது?

"அது எங்க கொல்லையில நின்ன மரம் டீச்சர். தாத்தா காலத்து மரம், காஞ்சு நின்னுச்சு. அப்பா சாமிக்குன்னு அதுல ஒரு துண்டு அறுத்து உங்களுக்குக் குடுத்தாரு. மிச்சத்த வீட்டுல வெச்சிருந்தாரு. அதுக்குத்தான் புடிச்சாங்க" என்றார் அவர். குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. பழங்கதை போலச் சொன்னார்.

தம் கொல்லையில் நின்ற மரமே ஆயினும் உரிமமின்றிச் சந்தனத்தை வைத்திருப்பதும் கொண்டுசெல்வதும் குற்றம் என்றிருந்த காலம் அது. களவுப் பொருளைப் படைத்துவிட்டேனே என்று அத்தனை ஆண்டுகள் நான் வருந்தியது உண்மை. அவ்வருத்தத்திற்குள், அம்மனிதர் திருடர் என்ற முடிவை நான் எவ்வளவு உறுதியாகப் பொதிந்து வைத்திருந்தேன் என்பது அன்றுதான் தெரிந்தது. அவரைப் பிடித்துச் சென்றவர்களோடு, நானூறு மைல் தொலைவில் இருந்தாலும் தெரியாது, நாற்பது மைல் தொலைவில் இருந்துகொண்டு, மனத்தால் உடன்பட்டிருக்கிறேன். வாச்சாத்திச் செய்தியைப் படித்துத் தாளை மடித்து வைத்த கையும் இதே கைதான். மனம், உடன்படுதல், செருக்கு. எந்த மணி என்று எண்ணிச் சொல்ல என்னால் இயலும்.

என்னிடம் வினவிய பெண்ணிற்கு இதைப் படித்துக் காட்டினேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மனு என்ன ஆயிற்று, டீச்சர் பாட்டி?" என்று கேட்டாள். தனியார் நிலங்களுக்கான மனுக்களில் சில ஏற்கப்பட்டன. ஊர்க்காட்டிற்கான மனுவைக் கூடுதல் சான்றுகளோடு மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. அம்மூதாட்டி இப்போது இல்லை. அவர் சொன்ன ஆறு பக்கங்கள் இருக்கின்றன. பக்கத்துச் சிற்றூர்களில் அவரைப் போன்ற முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் பெயர் சொல்லும் ஊற்றுகளும் சோலைகளும் இதுவரை எந்தத் தாளிலும் ஏறவில்லை.

பொங்கல் கழிந்ததும் மீண்டும் செல்ல இருக்கிறேன். அந்தப் பெண்ணும் வருகிறாள். கையெழுத்துத் தெளிவாக உள்ளவர்கள், இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்கள் உடன் வரலாம். குறிப்பாக ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கட்டுச்சோறு தேவையில்லை. சாமைச் சோறும் புளிக்குழம்பும் அவர்கள் தருவார்கள். கதிரவன் மறைந்தபின் நாங்கள் உண்பதில்லை என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறேன். சென்ற முறை அதற்காகவே மாலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். தேனை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் திருப்பித் தரவேண்டியிருக்கும். ஏன் என்று கேட்பார்கள். பொறுமையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.